திலேப்பியா: குட்டை வேறு, ஏரி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்ணைக்குட்டைகளிலும் ஏரிகளிலும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த திலேப்பியா மீனின் குஞ்சுகளை விட்டு வருவாய் ஈட்டலாம் என்று தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, இவ்விரு நீர்நிலைகளையும் ஒன்றாகவே கருதுவதால் இதை எழுதுகிறேன். குட்டையில் இம்மீனை வளர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஏரியில் விடுவதையே எதிர்க்கிறேன்.

பரவலாக வளர்க்கப்படும் திலேப்பியா இனங்களில் பெண் மீன், முட்டைகளையும் பொரித்த குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் அவற்றுள் பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன. அதிலும் மொசாம்பிக் திலேப்பியா என்ற இனம், பிறந்த சில மாதங்களில், கையளவுகூட வளராத நிலையிலேயே இனம்பெருக்கத் தொடங்கிவிடுகிறது. ஆணும் பெண்ணும் கலந்து விடப்பட்ட குட்டையில் மீன்களின் எண்ணிக்கை பெருகுமே தவிர, போட்ட தீவனத்துக்கேற்ற எடை கிடைக்காது. இதனால்தான், விரைவாக வளரும் ஆண் மீன்களை மட்டும் வளர்க்கிறார்கள். இளங்குஞ்சுகளுக்கு மூன்று நான்கு வாரங்கள் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து அவற்றை ஆணாக்குவது பரவலான முறை. இதிலும் சில பெண் மீன்கள் தப்பிவிடும். குட்டையில் அது பெரிய சிக்கலன்று. அறுவடைக்குப் பின் நீரை வடித்து, அடித்தரையை நன்கு காயவிட்டால் போதும்.

ஏரியை அப்படி வடித்துக் காயவிட இயலாது. ஆண் குஞ்சுகளை மட்டும் விட்டால் ஆபத்தில்லை என்கிறது கட்டுரை. ஆணாக்கப்பட்ட மீன் மலடன்று. ஏரியில் ஏற்கெனவே பெண் திலேப்பியா இருந்தால் அதனுடன் இணைசேரும், நெருங்கிய இனங்களுடன் கலப்பினமும் உண்டாக்கும். பல நாடுகளில் ஆக்கிரமிப்பு மீனாகத் தூற்றப்படும் மொசாம்பிக் திலேப்பியாவே, தன் தாயகமான, ஆப்பிரிக்காவின் தெற்கிலுள்ள லிம்போப்போ ஆற்றுப்படுகையில், வெளியிலிருந்து வந்த நைல் திலேப்பியா என்ற மற்றோர் இனத்துடன் கலந்து தன் தனித்தன்மையை இழந்து வருகிறது என்பது விந்தையான உண்மை. கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் 1950களில் நைல் திலேப்பியா விடப்பட்ட பின்னர், அங்கே மிகுதியாகப் பிடிபட்டுவந்த உள்ளூர்த் திலேப்பியா இனம் பெரும்பாலும் அருகிப்போயிற்று. நைல் பெர்ச் என்னும், பிற மீன்களைத் தின்னும் பெரிய மீனுக்கும் மிகை மீன்பிடிப்புக்கும் அதில் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

திலேப்பியாவை விட்டால் ஏரியில் களை ஒழியும் என்ற வாதமும் அரைகுறையானதே. நீர்க்களையை விரும்பி உண்பது சிவப்பு வயிற்றுத் திலேப்பியா என்ற வேறோர் இனம். நைல் திலேப்பியா பெரும்பாலும் பாசியையும் நுண்ணுயிர்ப் படிவுகளையுமே உண்ணும். ஆண் மீன்கள் கூடுகட்ட அடித்தரையில் குழி பறிப்பதால் நீர் கலங்குவதுமுண்டு. நீரின் வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும் ஏரிகளில் குளிரே இவற்றைக் கொன்றுவிடும். வெப்பமான ஏரிகளுக்கு அந்தக் காப்பும் இல்லை.

குட்டையில் வளர்ப்போர் வடிகால் வாயில் நெருக்கமான கண்ணுடைய வலையைப் பொருத்துவதுடன், பெருமழையின்போது கரைமீறும் நீர் எந்த ஓடையில் போய்ச் சேரும் என்பதைக் குஞ்சு வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். கட்டுரையாளர் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இத்தொடரின் அடுத்த பகுதியிலாவது அதை விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்