வாந்திக்குக் காரணம் செத்த பற்றீரியாவாகவும் இருக்கலாம்

நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு,

வணக்கம். தோட்டத்துக் கோயில் அன்னதானத்திலோ பாடசாலைச் சாப்பாட்டிலோ பிள்ளைகள் வாந்தியெடுத்தால் மிச்சச் சாப்பாடு ஆய்வுகூடத்துக்குப் போகிறது. "நோயாக்கும் பற்றீரியா காணப்படவில்லை" என்று அறிக்கை வந்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள். அறிக்கை பொய் சொல்லவில்லை. படிவத்தில் கேட்டதற்குத்தான் பதில் வந்திருக்கிறது.

ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியா சமைப்பவரின் கைப்புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் சாப்பாட்டுக்கு வரும். ஆறிய கறியில் பெருகி நச்சை விடும். பரிமாறுமுன் கறியைத் திரும்பச் சூடாக்கினால் பற்றீரியா சாகும். நச்சோ 100 பாகையில் அரை மணி நேரம் கொதித்தாலும் தாங்கும். நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. செத்தது, ஆய்வுகூடத்தில் இதை வளர்க்கும் ஊடகமான பெயர்ட்-பார்க்கர் ஏகாரில் முளைக்காது. ஆகவே சாப்பிட்டு ஒன்று முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி என்றால், வளர்ப்புச் சோதனையோடு "ஸ்டெஃபிலோகொக்கஸ் என்டரோடொக்சின், எலைசா" என்றும் படிவத்தில் எழுதுங்கள். என்டரோடொக்சின் என்பது மேலே சொன்ன நச்சு; எலைசா என்பது அதைப் பிறபொருளெதிரியால் பிடித்து நிறமாற்றத்தால் காட்டும் சோதனை. அதற்கான கிட் கைவசம் உண்டா என்று அனுப்புமுன் ஆய்வுகூடத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கறியில் என்னென்ன சேர்ந்தது என்பதையும் எழுதுங்கள். எலைசாவில் நிறத்தை உண்டாக்குவது பெரொக்சிடேஸ் என்ற நொதியம். பச்சை முள்ளங்கியில் அதே நொதியம் இயல்பாகவே இருப்பதால், நச்சு இல்லாமலே சோதனைத் தட்டின் கிணறு (சின்னக் குழி) நிறம் மாறலாம். ஸ்டெஃபிலோகொக்கஸ் பற்றீரியாவின் 'புரதம் ஏ' என்ற புரதம், சோதனையில் உள்ள பிறபொருளெதிரியை வால்பக்கம் பிடித்துக்கொண்டும் இதே குழப்பத்தைச் செய்யும். பொருள்பட்டியல் கையில் இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான கட்டுப்பாட்டுக் கிணறுகளை வைக்க முடியும்.

சோறு, ஃபிரைட் ரைஸ் என்றால் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவையும் சந்தேகியுங்கள். அதன் வாந்தி நச்சான செரியுலைட் 121 பாகையில் 90 நிமிடம் தாங்கும். அது சின்ன வளையப் பெப்தைட்டு என்பதால் வழக்கமான எலைசாவில் சிக்காது. திரவ நிறப்பகுப்போடு திணிவு நிறமாலைமானி வேண்டும். 2017இன் ஐஎஸ்ஓ 18465 என்ற சர்வதேச நியமம் அதற்கான முறை.

எட்டு மணித்தியாலத்துக்குப் பிறகு வயிற்றுவலியும் பேதியும் என்றால் கதை வேறு. குளொஸ்திரீடியம் பேர்ஃபிரிஞ்சன்ஸ் நச்சை விடுவது குடலுக்குள். கறியில் நச்சைத் தேடிப் பயனில்லை. கறியில் பற்றீரியாவை எண்ண வேண்டும், நச்சை மலத்தில் பார்க்க வேண்டும். மாதிரியை உறைபெட்டியில் வைத்தால் இந்தப் பற்றீரியா பெரும்பாலும் செத்துவிடும். 0–4 பாகையில் ஐஸ் சுற்றி அனுப்புங்கள், உருகிய தண்ணீர் பைக்குள் போகாதபடி. ஹட்டனில் போட்ட ஐஸ் அவிசாவளை வெக்கையில் நிற்காது, வழியில் மாற்றுங்கள்.

"குளிர் ஊர்தானே, கெடாது" என்பதை நம்பாதீர்கள். பெரிய அண்டாச் சோற்றின் நடுப்பகுதி இங்கேயும் பல மணித்தியாலம் வெதுவெதுப்பாகவே இருக்கும். மாதிரியையும் அந்த நடுவிலிருந்தே எடுங்கள்: கொதிநீரில் போட்டெடுத்த கரண்டி, புதுப் பை, ஒவ்வொரு கறியும் தனித்தனியாக 200 கிராம்.

மிச்சமே இல்லையென்றால் அண்டாவைக் கழுவ விடாதீர்கள். ஒரு நச்சுச் சோதனைக்கு 25 கிராம் போதும். அடியில் ஒட்டியதைச் சுரண்டினாலே பெரும்பாலும் அவ்வளவு தேறும்.

இப்படிக்கு,
உணவு நுண்ணுயிரியல் ஆய்வுகூடப் பணியாளர்கள் சிலர்