‘தாத்தா பறந்து போச்சு’: ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய பேச்சுப் பயிற்சியாளர் அம்மா அவர்களுக்கும், எங்கள் மகனுக்காக நேரத்தையும் பொறுமையையும் தந்த மற்ற அனைவருக்கும் வணக்கம்.

மதிப்பீட்டு அறிக்கை நேற்று மாலை எங்கள் கைக்கு வந்தது. வரும் கல்வியாண்டில் அவனை மழலையர் வகுப்பில் சேர்க்கலாம் என்றும், பேச்சுப் பயிற்சியை விடாமல் தொடர வேண்டும் என்றும் அதன் கடைசிப் பக்கத்தில் இருந்ததை நானும் என் கணவரும் மாறி மாறிப் படித்தோம். இரவு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். கடந்த சில மாதங்களாக நாங்கள் பட்ட பாட்டைத் தாங்கள் அனைவரும் அருகிலிருந்து பார்த்தவர்கள் என்பதால் அதை மறுபடியும் விரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் நாள் மதிப்பீட்டில் அவன் வாயே திறக்கவில்லை. படங்களைக் காட்டினீர்கள், பொம்மைகளை எடுத்து வைத்தீர்கள். அவன் என் முதுகுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான்தான் ஒவ்வொரு கேள்விக்கும் முந்திக்கொண்டு, வீட்டில் நன்றாகச் சொல்வான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு தாங்கள் படிவத்தை மூடி வைத்து, “இன்றைக்குப் புது இடத்தின் கூச்சம்தான் தெரிகிறது. இதற்கு மதிப்பெண் போட்டால் பிள்ளைக்கு நியாயமாக இருக்காது” என்றீர்கள். இதற்கு முன் வேறோரிடத்தில் பத்தே நிமிடங்களில் அவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப்பட்டதைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். அந்த மூடிய படிவமே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பின் நடந்ததை. வெளியே நடையில் அமர்ந்து அவனுக்குக் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன். தாங்களும் வந்து, எதுவும் கேட்காமல், அவன் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தீர்கள். சன்னல் விளிம்பில் இருந்த காக்கை ஒன்று எழும்பிப் போனது. “தாத்தா பறந்து போச்சு” என்றான். வழக்கம்போல், “தாத்தா இல்லடா, காக்கா சொல்லு” என்று திருத்த நான் வாயெடுத்தபோது, தங்கள் உள்ளங்கை என் பக்கமாக மெல்ல உயர்ந்தது. “ஆமாம், காக்கா பறந்து போச்சு. எங்கே போச்சு?” என்று அவனிடம் கேட்டுவிட்டு மௌனமானீர்கள். அந்த நேரத்தில் நானாக இருந்தால் நான்கு கேள்விகள் கேட்டிருப்பேன். மனத்துக்குள் பத்து வரை எண்ணுவேன் என்று பிற்பாடு சொன்னீர்கள். எட்டோ ஒன்பதோ எண்ணியிருப்பீர்கள். அவன் தங்களைத் திரும்பிப் பார்த்து, “அதோட அம்மாதிட்ட” என்றான்.

நிரப்பாத படிவத்தின் பின்பக்கத்தில், அவன் சொன்ன இரண்டையும் சொன்னபடியே எழுதி என்னிடம் காட்டினீர்கள். “உங்கள் காதில் ‘தாத்தா’ மட்டும்தான் விழுகிறது. உண்மையான தாத்தாவாக இருந்தால் ‘போனார்’ என்றிருப்பான். ‘போச்சு’ என்கிறான் பாருங்கள். பறந்தது என்றுகூட நிறுத்தவில்லை; பறந்து, போச்சு என்று இரண்டு வினைகளைச் சேர்க்கிறான். எங்கே என்று கேட்டதும் ‘கிட்ட’ என்ற உருபோடு பதில் வருகிறது” என்று விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினீர்கள். ஓராண்டாக நான் பிழையாகவே கேட்டுக்கொண்டிருந்த வாக்கியத்தில் திணை இருந்தது, காலம் இருந்தது, வேற்றுமை இருந்தது. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

குறையையும் தாங்கள் மறைக்கவில்லை. ககரம் நாவின் பின்பகுதி மேலெழுந்து பிறக்கும் ஒலி, அதை நுனிநாவுக்குத் தள்ளித் தகரமாகச் சொல்வது சிறு பிள்ளைகளிடம் பரவலாகக் காணப்படுவது, ஆனால் பெரும்பாலோரிடம் மூன்றரை வயதுவாக்கில் அது மறைந்துவிடும், இவனுக்கு 4 வயது கடந்துவிட்டதால் பயிற்சி தேவை என்று தெளிவாகச் சொன்னீர்கள். நான்கு வயதில் ஒரு பிள்ளை பேசுவதில் பெரும்பகுதி முன்பின் அறியாதவருக்கும் புரிய வேண்டும் என்பதையும் அன்றுதான் அறிந்துகொண்டேன். பிறகு, தங்கள் பணிநேரம் முடிந்த ஒரு மாலையில் எங்களுக்காக மறுபடியும் நேரம் ஒதுக்கினீர்கள். தரையில் அமர்ந்து விளையாடியபடியே, புத்தகத்தை எடுத்து மேசைக்கு அடியில் வைக்கச் சொல்லியும், படங்களை அடுக்கிக் கதை சொல்லச் செய்தும், நாவையும் அண்ணத்தையும் பார்த்தும், அன்று விட்டதை எல்லாம் முடித்தீர்கள்.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். “பொறுத்துப் பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிடாமல், முதலில் செவியைச் சோதிப்போம் என்ற குழந்தை மருத்துவர். ஓசை கேட்கும்போதெல்லாம் ஒரு மரக்கட்டையைப் பெட்டியில் போடும் விளையாட்டாகவே அந்தச் சோதனையை நடத்தி, நடுச்செவியில் நீர் தேங்கவில்லை என்பதையும் உறுதிசெய்த செவித்திறன் வல்லுநர். இரண்டு மொழி பேசுவதால்தான் பிள்ளை திணறுகிறான், ஒன்றை விட்டுவிடுங்கள் என்று நாலாபுறமும் சொன்னபோது, அதனால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை என்று உறுதியாக எடுத்துச் சொன்ன தோழி. அவன் சொல்வது புரியாதபோதும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள். அனைவருக்கும் எங்கள் நன்றி.

பள்ளிக்குத் தயாராவது என்றால் எழுத்தும் எண்ணும் என்று எண்ணி, அவனை அகரவரிசையோடு ஓராண்டு மல்லுக்கட்ட வைத்தேன். தனக்கு வேண்டியதைக் கேட்கத் தெரிகிறதா, சொன்னதைப் புரிந்து செய்கிறானா, தன் முறை வரும்வரை காத்திருக்கிறானா, என்னைப் பிரிந்து சிறிது நேரம் இருப்பானா என்பவற்றுக்கு அறிக்கையில் இரண்டு பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது. அந்த ஓராண்டில் அவனோடு பேசியிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. இனி அவனுக்குப் பதிலாக நான் பேசமாட்டேன். யார் முன்னிலையிலும் அவன் சொல்லை அறுத்துத் திருத்தமாட்டேன். தம் பிள்ளையின் பேச்சைப் பற்றி ஒரு தாயோ தந்தையோ என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னால், தானாக வந்துவிடும் என்று சொல்லி அனுப்பாமல், செவிச்சோதனைக்கும் மதிப்பீட்டுக்கும் நானே உடன் செல்வேன்.

அவனுடைய வகுப்பாசிரியரிடம் தருவதற்காக நேற்றிரவு ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். அவன் ககரத்தைத் தகரமாகச் சொல்வான், பயிற்சி நடக்கிறது, கேள்வி கேட்டபின் சற்றே காத்திருங்கள் என்று அதில் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறேன்: ‘சன்னலைக் காட்டித் தாத்தா என்று அவன் சொன்னால், தயவுசெய்து வெளியே பாருங்கள்.’

நன்றியுடன்,
அவனுடைய அம்மா