கரண்டி யார் கையில்

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலிதான், காலையில் பனி இறங்க ஆரம்பித்ததிலிருந்து கொஞ்சம் கூடியிருக்கிறது. லிங்கராஜபுரத்தில் மறுபடி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஆட்டோக்காரர் தெரு முனையிலேயே இறக்கிவிட்டுவிடுகிறார்.

நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை மூன்று தடவை கேட்டேன். சனிக்கிழமை எடின்பரோவில் உன் வீட்டில் ஜெபக்கூட்டம் கூடுகிறது, புதன்கிழமை வீடியோவில் ஜெபம், கேரளத்து நர்ஸ், பிரேசில் தம்பதி, நைஜீரியக் குடும்பம். கேட்கவே நிறைவாக இருந்தது. அந்த நைஜீரியப் பெண் மூன்று வாரமாக வரவில்லை, "நான் தப்பா எதுவும் சொல்லலையேம்மா" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய்.

நம் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வந்த நாகா பிள்ளைகள் இரண்டு பேர் ஞாபகம் இருக்கிறதா? 2012-ல் நீ பத்தாவது. எவ்வளவு பிரியமாக அவர்களைக் கவனித்தோம்! ஃபேனுக்குக் கீழே நாற்காலி, முதல் காப்பி, பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள். அந்த ஆகஸ்டில் வடகிழக்கு ஆட்களைத் தாக்கப்போகிறார்கள் என்று வதந்தி கிளம்பி, அந்தப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் குவிந்து கவுஹாத்திக்கு ரயில் ஏறினார்களே, ரயில்வேயே தனி ரயில் விட்டதே, அந்தக் கூட்டத்தில் இவர்களும் போய்விட்டார்கள். டி.வி.யில் பார்த்துத்தான் எனக்கே உறைத்தது. நம் வீட்டுக்கு இரண்டு பஸ் ஸ்டாப் தூரத்தில் இருந்தவர்கள். பயந்த ராத்திரியில் நம் கதவைத் தட்ட அவர்களுக்குத் தோன்றவில்லை. என்னிடம் அவர்கள் போன் நம்பர்கூட இல்லை.

இரண்டு மாதம் கழித்து மூத்தவள் மட்டும் திரும்பி வந்தாள். ஏன் எங்களிடம் வரவில்லை என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஆன்ட்டி, நீங்கள் எங்களை எப்போதும் உட்காரவே வைத்தீர்கள்" என்றாள். எனக்கு முதலில் கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். உபசரித்ததைக் குற்றம் சொல்கிறாளே என்று. அப்புறம் யோசித்துப் பார்த்தால், ஒன்றரை வருஷத்தில் அந்தப் பிள்ளை நம் அடுக்களைக்குள் ஒரு தடவைகூட வந்ததில்லை. தம்ளர் கழுவ எழுந்தாலும் "நீ உட்காரும்மா" என்றுதான் சொல்லியிருக்கிறேன். விருந்தாளியாகவே வைத்திருந்து, வீட்டு ஆள் ஆக விடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளையே சமைக்கச் சொன்னேன். அகுனி போட்டுப் பன்றிக்கறி. அகுனி என்றால் புளிக்கவைத்த சோயாபீன், வாசனை நம் கருவாட்டையே மிஞ்சும். மாடிவீட்டுக்காரர் கேஸ் கசிகிறதா என்று கீழே இறங்கி வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்ட நம் ஆட்கள் மறுவாரம் கேட்டு வாங்கினார்கள்.

அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பார். சபைக்குள் வந்த அந்தச் சண்டை சாப்பாட்டைப் பற்றியது, பாஷையைப் பற்றியது. கிரேக்கு பேசுகிற விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப்போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. இனி கவனமாகப் பரிமாறுவோம் என்று சமாதானம் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பந்தியையே ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். யார் முறையிட்டார்களோ அவர்கள் பக்கத்திலேயே கரண்டி போய்விட்டது. எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், அகுனிக்கு அப்புறம்தான் அந்தப் பெயர்ப் பட்டியல் கண்ணில் பட்டது.

உன் ஊரிலேயே ஒன்று நடந்திருக்கிறது. 1910 ஜூனில், எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், நம் வெள்ளாளன்விளை அசரியா எழுந்து பேசினார். அப்போது அவர் பேராயர்கூட இல்லை, வயது முப்பத்தைந்து. ஏழைகளுக்கு ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். வெள்ளைக்கார மிஷனெரிகள் இந்திய ஊழியரைத் தங்கள் மேஜையில் சேர்த்துக்கொள்ளாத வருத்தம் அதற்குள் இருந்தது. அப்பா அவர் பெயரைப் பெருமையாகச் சொல்வார். நம் மேஜையில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் மட்டும் பேப்பரை விரித்துக்கொள்வார்.

கே.ஜி.எஃப். அண்ணனைச் சொல்கிறேன். 2001-ல் கோலார் தங்கச் சுரங்கம் மூடியதும் தினம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோனவர். "சொந்த ஊர் எது" என்று நம் ஆட்கள் கேட்டார்கள். கே.ஜி.எஃப். என்றார். "அதுக்கு முன்னாடி?" தாத்தா காலத்திலிருந்து கே.ஜி.எஃப்.தான் என்றார். "அதுக்கும் முன்னாடி?" அந்தக் கேள்வி எதை விசாரிக்கிறது என்று உனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்தது. மூன்றாவது வாரம் அவர் வரவில்லை. நானும் அந்த அறையில் காப்பி டிரேயோடு நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. உன் வீட்டில் பத்து நாட்டுக்காரர்கள் இருந்தாலும், நம் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் இந்தக் கேள்வி தானாக வரும். வந்தால் சும்மா இருக்காதே.

பாஷை விஷயத்தில் உனக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனெரி கிட்டெல் 1894-ல் கன்னடத்துக்குப் பெரிய அகராதியே போட்டுக் கொடுத்தார், எம்.ஜி. ரோட்டில் சிலையாக நிற்கிறார். முப்பத்தைந்து வருஷம் இங்கே இருந்தும் எனக்குக் காய்கறிக் கடைக் கன்னடம்தான்.

வீடியோ ஜெபம் பற்றிக் கேட்டாய். 2020-ல் நாங்கள் பட்டதையே சொல்கிறேன். இலவச ஜூம் நாற்பது நிமிஷத்தில் நின்றுவிடும். தெலுங்கு அத்தை ஜெபத்தை ஆரம்பிக்கும்போதே முப்பத்தெட்டு ஆகியிருக்கும், பாதியில் போய்விடுவார். எல்லா வாரமும் அவர்தான் கடைசி என்பதை யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் அவரையே முதலில் ஜெபிக்கச் சொன்னோம். எல்லோரும் சேர்ந்து பாடவும் முடியாது, ஒவ்வொரு வீட்டுச் சத்தமும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்கிறது. ஒருவர் பாட மற்றவர்கள் மியூட்டில் பாடவேண்டும். அந்த ஒருவர் வாராவாரம் மாறினால் போதும், அவரவர் பாஷையில் பாட்டு தானாக வரும். பாட்டின் எழுத்தை மட்டும் முன்னாலேயே குரூப்பில் போட்டுவிடு.

சரி, அந்தப் பெண் விஷயம். மெசேஜ் அனுப்பாதே, போன் பண்ணு. ஏன் வரவில்லை என்று விசாரிக்காதே. இந்தச் சனிக்கிழமை உங்கள் வீட்டில் கூடலாமா, சமையலுக்கு நான் சீக்கிரம் வந்து வெங்காயம் நறுக்கித் தரட்டுமா என்று கேள். அவள் மாட்டேன் என்றாலும் பரவாயில்லை, கேட்டுவிடு.

இந்த அக்டோபர் கடைசி ஞாயிறு உங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்களே, அதை முன்னாலேயே சொல்லிவிடு. போன வருஷம் உன் போனுக்காக ஒரு மணி நேரம் சோபாவிலேயே தூங்கி வழிந்தேன்.

அன்புடன்
அம்மா