சில்லறையில் கிடைக்கும் பழைய காசுகள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

கொஞ்ச நாளாக, பழைய காசு வாங்கி விற்கும் நம் கடைக்கு வருகிறவர்கள் பலர் கைப்பேசியை நீட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். "இந்தக் காசு பத்து லட்சம் போகுதாமே அண்ணே, நீங்க என்ன தருவீங்க?" வீடியோவில் இருப்பது பெரும்பாலும் 2012இல் வந்த வைஷ்ணவ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய், பத்து ரூபாய், இல்லாவிட்டால் காண்டாமிருகம் போட்ட நாலணா. இரண்டும் நம் கடையில் டப்பா நிறையக் கிடக்கின்றன. லட்சம் கொடுத்து வாங்க ஆள் இருந்தால் நாங்களே முதலில் விற்றிருப்போமே! ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கம் சொன்னால் பின்னால் காத்திருப்பவர்களுக்குப் பொறுமை போகிறது. அதனால்தான் இந்த மடல்.

காசு பழசாக இருந்தால் மட்டும் விலை ஏறாது. எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கிறது, தேடுகிறவர் உண்டா என்பதுதான் கணக்கு. 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்தது. அந்தக் காலத்து ஒரு பைசா, ரெண்டு பைசாவை வீட்டுக்கு வீடு அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள். வயது அறுபதைத் தாண்டியும், தேய்ந்த காசுக்குச் சொற்ப விலைதான். 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணாவும் அப்படித்தான். பாட்டி ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள், விற்க வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்புகிறோம்.

அப்படியானால் சில்லறையில் எதைத் தேடுவது? முதலில், ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சின்ன சாய்சதுரம் இருந்தால் மும்பையில் அடித்த காசு. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். ஒரே ஒரு புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டு, ஒரே படம், ஒரே உலோகம். ஆனாலும் ஒரு நாணயச்சாலையில் மலை மலையாக அடித்திருப்பார்கள், இன்னொன்றில் கொஞ்சமாக. சேகரிப்பவர்கள் லென்ஸை வைத்துக்கொண்டு தேடுவது இந்தப் பொட்டளவு குறியைத்தான். 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் ஆங்கில 'எச்' எழுத்து தெரிந்தால், அது இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் அடித்து இங்கே வந்த காசு. அதை வைத்து வீடு கட்ட முடியாது. ஆனால் டீக்கடையில் மீதியாகக் கைக்கு வந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

நம் பக்கத்து ஆட்கள் விரும்பித் தேடுவது தமிழ்நாட்டோடு தொடர்புள்ள காசுகள். 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவம் போட்ட காசுகள் வந்தன. 2003இல் காமராசர் நூற்றாண்டுக்கு அஞ்சு ரூபாய் வந்தது. விருதுநகர்க்காரர்கள் இதைக் கேட்டு வராத மாதமில்லை. 2009இல் வந்த அண்ணா காசில் அவர் தமிழில் போட்ட கையெழுத்தே இருக்கிறது. 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டுக்கும் அஞ்சு ரூபாய் உண்டு. இவை இன்னும் மொய்ப் பணத்திலும் உண்டியல் காசிலும் தலைகாட்டுகின்றன. கல்யாண வீட்டில் நோட்டு எண்ணுகிற நேரத்தில் காசையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பழைய தடித்த அஞ்சு ரூபாய் இப்போது கண்ணில் படுவது குறைந்துவிட்டது. 1992இல் தொடங்கிய அந்தக் காசு செம்பும் நிக்கலும் கலந்தது, 9 கிராம் எடை. அப்புறம் வந்த எஃகு காசு 6 கிராம்தான். காந்தம் வைத்துப் பாருங்கள்: எஃகு ஒட்டும், பழசு ஒட்டாது.

தமிழ் எழுத்து இருக்கிறது, அபூர்வக் காசு என்று சிலர் பொத்திப் பொத்திக் கொண்டுவருவது இலங்கையின் அஞ்சு ரூபாய். மஞ்சள் நிறம், நம் அஞ்சு ரூபாய் அளவு. இலங்கைக் காசில் சிங்களத்தோடு தமிழும் இருக்கும். யாரோ உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்!

இனி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்பது. காசைத் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பாத்திரம் விளக்கும் பவுடர், எதுவும் வேண்டாம். பளபளப்பாக இருந்தால் கூடுதல் விலை கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். சேகரிப்பவர் விலை கொடுப்பது புதுக்கருக்கு மாறாத காசுக்கும், காலத்தில் தானாகப் படிந்த நிறத்துக்கும். தேய்த்த காசில் மெல்லிய கீறல்கள் ஓடியிருக்கும்; லென்ஸில் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். அழுக்கோடு, விளிம்பைப் பிடித்து எடுத்து, தனித்தனிக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.

போனில் "உங்கள் காசை வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள், வரி கட்டுங்கள்" என்று கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டே இப்படி ஏமாற்றுகிறார்கள். தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. வாங்குகிறவன் பணம் கொடுப்பானா, கேட்பானா?

வைகை மணலிலோ, தோட்டம் வெட்டும்போதோ, வீட்டு அஸ்திவாரத்திலோ பானையும் காசுமாகக் கிடைத்தால் எங்களிடம் கொண்டுவர வேண்டாம். நாங்கள் வாங்க மாட்டோம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஊர் விஏஓவிடம் சொன்னால் வழி காட்டுவார். பாண்டியர் மீன் காசையும் நாயக்கர் காசையும் பற்றிப் பேசச் சொன்னால் பொழுதுக்கும் பேசுவோம், அது வேறு.

செலவுக் காசு பற்றியும் ஒன்று. நாலணாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. எட்டணா இன்னும் செல்லும். சட்டப்படி ஒரு தடவைக்குப் பத்து ரூபாய் வரை. பத்து ரூபாய்க் காசு எந்த டிசைனாக இருந்தாலும் செல்லும், ரூபாய்க் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். நம் கல்லாவில் தயங்காமல் கொடுக்கலாம்.

காசு பார்த்துச் சொல்ல நாங்கள் கூலி வாங்குவதில்லை. அஞ்சாறு காசு என்றால் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். பை நிறைய இருந்தால், கூட்டம் இல்லாத மதியத்தில் வந்தால் நிதானமாக உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
கடைக்காரர், தெற்கு மாசி வீதி, மதுரை