சக்கரத்தைக் கழற்றும் முன் கூலியைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பள்ளத்தூரில் பலகாரம் செய்து கொடுக்கிறேன். தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம், மாவுருண்டை என்று கல்யாண வீடுகளுக்கும் காரைக்குடிக் கடைகளுக்கும் போகிறது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அவர் விட்டுப்போன ஸ்பிளெண்டர் வண்டியில் பின்னால் இரண்டு பக்கமும் தகர டின்னைக் கட்டிக்கொண்டு, கோட்டையூர் வழியாகக் காரைக்குடிக்கு வாரத்தில் நாலு நாள் நான்தான் போய் வருகிறேன். பாரம் முழுக்கப் பின்பக்கம் விழுவதால் பின் டயர் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதை மாற்றுகிற கூலியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் பார்த்தால், பின் டயரில் பட்டனெல்லாம் தேய்ந்து மொழுக்கென்று ஆகியிருந்தது. மழைக்காலம் வேறு. டயர் கடைக்குப் போய் 1,850 ரூபாய்க்குப் புது டயர் வாங்கினேன். அங்கே விற்பதோடு சரி, மாட்டித் தர மாட்டார்கள். அதனால் வழக்கமாகப் பஞ்சர் பார்க்கிற காரைக்குடிக் கடை ஒன்றுக்கு எடுத்துப் போனேன். "மாட்ட எவ்வளவு தம்பி?" என்று கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம்க்கா, வண்டிய ஸ்டாண்டு போடுங்க" என்றார். கடைகளுக்குச் சரக்கு போட வேண்டிய அவசரத்தில் நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அவர் வேலை செய்ததை நின்று பார்த்தேன். செயின் கவரைக் கழற்றி, பிரேக் கம்பியை விடுவித்து, ஆக்சில் நட்டைத் திருகிச் சக்கரத்தை உருவி எடுத்தார். கீழே சாக்கு விரித்து அதில் சக்கரத்தைப் போட்டு, ரிம்மோடு இறுகியிருந்த டயரை மிதித்து மிதித்து விட வைத்தார். இரண்டு லிவரைக் கொடுத்து நெம்பிப் பழைய டயரை எடுத்தார். அதுவரை கை சுத்தமாகத்தான் இருந்தது. புது டயருக்குள் டியூப்பை வைக்கும்போதுதான் அவசரப்பட்டார். டியூப்பில் கொஞ்சம் காற்று ஏற்றி உருட்சியாக்கிக்கொண்டு உள்ளே வைத்தால் மடங்காது. அவர் அப்படிச் செய்யாமல் துவண்ட டியூப்பையே திணித்து, கடைசி ஒரு சாண் டயரை லிவரால் பலமாக நெம்பி உள்ளே தள்ளினார். காற்றுப் பிடித்ததும் உஸ்ஸென்று சத்தம். மறுபடி பிரித்து டியூப்பை எடுத்தால், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கிழிசல், பல் பட்ட மாதிரி. லிவர் கடித்த தடம்.

"டியூப்பு மக்கிப் போச்சுக்கா, புதுசு போட்டுறலாம்" என்றார். அந்த டியூப் நாலு மாதம் முன்னால் இதே கடையில், இதே தம்பி கையால் மாட்டியது. சொன்னேன். பதில் வரவில்லை. கடைசியில் டியூப்புக்கு 350, கூலி 400, ஆக 750 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். ரசீது கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் யாருக்கா பில்லு போடுவாங்க" என்றார்.

நான் டின்னைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வண்டி ஏறியது. அதுவும் ஸ்பிளெண்டர், அதுவும் பின் டயர், அந்தப் பையனும் டயரை வெளியில் வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தான். "அண்ணே, போன தடவ குடுத்த இருநூறுதானே?" என்றான். "ஆமாடா, நிறுத்து" என்று பதில் வந்தது. எனக்கு ஏன் நானூறு என்று திரும்பிப் போய்க் கேட்டேன். "வெளிய வாங்கின டயரு, அதான்க்கா" என்றார். அந்தப் பையன் டயரும் கடையில் வாங்கியது இல்லையே என்றதும் கம்ப்ரசரைப் போட்டுவிட்டார், அந்தச் சத்தத்தில் மேலே பேச முடியவில்லை.

நான் பெண் என்பதாலா, அவசரத்தில் இருந்ததாலா? வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். சுவரில் ஒரு பலகை இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காது.

கூலி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் தொழிலில் இரண்டு வகை உண்டு. சில வீடுகளில் எல்லாப் பொருளும் நாங்களே போட்டுச் செய்து தரச் சொல்வார்கள். சில ஆச்சிமார் அரிசி, உளுந்து, எண்ணெய், நெய் எல்லாவற்றையும் அவர்களே கொடுத்துவிட்டுச் செய்கூலி மட்டும் தருவார்கள். அப்போது கிலோவுக்கு 100 ரூபாய் என்று அடுப்பு மூட்டும் முன்பே பேசிவிடுவேன். பொருள் உங்களுடையது, அதனால் கூலியை இரண்டு மடங்காக்குகிறேன் என்று நான் சொன்னால் எந்த வீட்டில் ஏற்றுக்கொள்வார்கள்? ஒரு ஈடு என் கவனக்குறைவால் கருகிப்போனால் அந்த மாவும் எண்ணெயும் என் கணக்கு. அவர்களிடம் கேட்க மாட்டேன், கேட்கவும் முடியாது. அன்றைக்கு நான் கொடுத்த 750 ரூபாய், ஏழரைக் கிலோ தேன்குழல் பிழிந்த கூலி.

டயர் மாட்டுகிறவர்களுக்குக் கூலி குறைய வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. டியூப் டயரைக் கையால் மாற்றுவது உடம்பு வலிக்கிற வேலை. பின் சக்கரம் என்றால் செயின் இழுவை சரிபார்க்க வேண்டும், பிரேக் டைட் வைக்க வேண்டும், முன் சக்கரத்தைவிட நேரம் கூடத்தான் ஆகும். அலாய் வீலில் டியூப்லெஸ் டயர் என்றால் மெஷின் வேண்டும். டயரைத் தாங்கள் விற்றிருந்தால் கிடைக்கிற லாபம், வெளியில் வாங்கி வந்தால் கிடைக்காது, அதனால் ஐம்பது ரூபாய் கூடுதல் என்று ஒரு கடை வைத்தால் அதுவும் எனக்குச் சம்மதம். ஆனால் அதைச் சக்கரத்தைக் கழற்றும் முன் சொல்ல வேண்டும், எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். சக்கரம் சாக்கில் கிடக்கும்போது வண்டிக்காரர் எங்கே எழுந்து போக முடியும்?

ஒரு டயரை எடுத்துப் பாருங்கள். அளவு அதிலேயே இருக்கிறது. எந்த வாரம், எந்த வருடம் தயாரானது என்பது நாலு எண்ணில் இருக்கிறது. 3224 என்றால் 2024ஆம் ஆண்டு 32ஆவது வாரம். எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்பதற்குப் பல டயர்களில் அம்புக்குறியே போட்டிருக்கும். தேய்ந்தது தெரிவதற்குப் பள்ளத்துக்குள் சின்ன மேடு வைத்திருக்கிறார்கள். டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக 2025 செப்டம்பர் 22 முதல் குறைந்தபோது, டயர் கடைக்காரர் பழைய விலை இது, புது விலை இது என்று தானாகவே காட்டினார். இவ்வளவும் எழுத்தில் இருக்கிற ஒரு பொருளை மாட்டுகிற கூலி மட்டும் ஏன் ஆளைப் பார்த்துச் சொல்கிற கணக்காக இருக்கிறது? முடிவெட்டும் கடையில்கூடக் கட்டிங் இவ்வளவு, ஷேவிங் இவ்வளவு என்று கண்ணாடிக்கு மேல் எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

அரசாங்கம் எல்லாக் கடைக்கும் ஒரே கூலி நிர்ணயிக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். காரைக்குடி மெயின் ரோட்டில் வாடகைக்கு இருக்கிற கடையும் கிராமத்தில் வேப்பமரத்தடியில் இருக்கிற கடையும் ஒன்றாகாது. அவரவர் கூலியை அவரவர் வைக்கட்டும், ஆனால் எழுதி வைக்கட்டும். முன் சக்கரம், பின் சக்கரம், டியூப் டயர், டியூப்லெஸ், வெளியில் வாங்கிய டயர், பஞ்சர் ஒன்றுக்கு எவ்வளவு. அப்புறம் ஒரு வரி: எங்கள் கையில் டியூப் கிழிந்தால் பொறுப்பு எங்களுடையது. கழற்றிய பழைய டியூப்பை வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். கேட்டால் துண்டுச் சீட்டிலாவது தொகையை எழுதித் தர வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்ற பொருளுக்கும் செய்த வேலைக்கும் ரசீது தராமல் இருப்பது முறையற்ற வணிகம் என்றுதான் இருக்கிறது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம் என்று என் தங்கை சொன்னாள். சொல்லலாம்தான். ஆனால் நாளைக்கு நடுவழியில் ஆணி ஏறினால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் போய் நிற்க வேண்டியது இதே மாதிரி ஒரு கடையில்தான். என்னைப் போல வண்டியை நம்பிப் பிழைக்கிற எத்தனையோ பேர், எவ்வளவு கேட்பார்களோ என்கிற பயத்தில் மொழுக்கை டயரோடு மழையில் ஓட்டுகிறார்கள். அதனால்தான் புகாராக எழுதாமல், மெக்கானிக் கடை வைத்திருக்கிற அண்ணன் தம்பிகளும் அவர்கள் சங்கத்தாரும் படிக்கட்டும் என்று உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

போன வாரம் கோட்டையூரில் ஒரு சின்னக் கடையைப் பார்த்தேன். மரக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் "பின் டயர் 180, முன் டயர் 130, பஞ்சர் 80" என்று எழுதியிருந்தது. கடைக்காரர் வயதானவர். யார் எழுதச் சொன்னது என்று கேட்டேன். "யாரும் சொல்லலம்மா, வர்றவுக ஒவ்வொருத்தரா கேக்குறாக, அதான் எழுதிப் போட்டேன்" என்றார். என் வண்டியில் முன் டயரும் தேய்ந்து வருகிறது. தை பிறப்பதற்குள் மாற்ற வேண்டும். அந்தக் கடைக்குத்தான் போகப்போகிறேன், 130 ரூபாயை எண்ணிக் கையில் எடுத்துக்கொண்டு.

இப்படிக்கு,
பலகாரத் தொழில் செய்யும் ஒரு வாசகி,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.