அந்தப் பெட்டியை அப்படியே அனுப்பிவிடாதே

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டாய் என்றதும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. பெரியவளுக்குப் புது வேலை கிடைத்ததில் எனக்கும் ரொம்ப சந்தோஷம், நான் விசாரித்ததாகச் சொல். இங்கே எல்லாரும் சௌக்கியம். முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது.

கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, பேஸ்பால் வீரர்கள் படம் போட்ட அந்தப் பழைய அட்டைகளை மொத்தமாக கிரேடிங்குக்கு, அதாவது நிலையைப் பார்த்துத் தர எண் போட்டுத் தரும் நிறுவனத்துக்கு, அனுப்பப் போகிறேன் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அனுப்பவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டியில் இருப்பது எல்லாம் ஒரே ரகம் இல்லை.

1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுகளில் வந்த டி206 அட்டைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பார்த்துக் கையாண்டால் தாங்கும். 1911-ல் வந்த டி205 அப்படியல்ல. அதன் தங்க நிற மை அட்டையின் விளிம்பு வரைக்கும் போகிறது. ஸ்லீவுக்குள், அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள், நுழைக்கும்போது லேசாக உரசினாலே மை உதிர்ந்து உள்ளே இருக்கும் வெள்ளை தெரிந்துவிடும்.

என் பயமெல்லாம் உன் ஓல்ட் ஜட்ஜ் அட்டையைப் பற்றித்தான். குட்வின் கம்பெனி 1880-களின் பின்பாதியில் வெளியிட்டது. அதில் இருப்பது அச்சடித்த படம் இல்லை, நிஜமான போட்டோ. முட்டையின் வெள்ளைக்கரு பூசிய மெல்லிய தாளில் பிரதி எடுத்து, அதை அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். காற்றில் ஈரம் கூடும்போதும் குறையும்போதும் அந்தப் பூச்சு ஒரு அளவுக்கு இழுக்கும், தாளும் அட்டையும் வேறு அளவுக்கு இழுக்கும். அதனால்தான் அது வளைந்து நிற்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார். முகத்துக்குக் குறுக்கே மயிரிழை மாதிரி வெடிப்புகள் ஓடுவது தெரியும். நேராகப் பார்த்தால் கண்ணில் படாது.

கிரேடிங் நிறுவனத்தில் அட்டைக்கு என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார். பார்சலைப் பிரிக்கிறார்கள், உறையிலிருந்து எடுக்கிறார்கள், அளக்கிறார்கள், லென்ஸ் வைத்து மூலை மூலையாகப் பார்க்கிறார்கள். பல சமயம் ஒருவர் பார்த்த பிறகு இன்னொருவரும் பார்ப்பார். கடைசியில் இரண்டு கெட்டியான பிளாஸ்டிக் துண்டுகளுக்கு நடுவே வைத்து, மீயொலி அதிர்வால் ஓரங்களை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். இதைத்தான் ஸ்லாப் என்கிறோம். அங்கே இருப்பவர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை வெளியே எடுத்து உள்ளே வைக்கும்போதும் அட்டைக்கு ஒரு கண்டம் இருக்கிறது. நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாகத் தன்போக்கில் வளைந்து பழகிய ஓல்ட் ஜட்ஜை தட்டையான ஸ்லாபுக்குள் வைத்து அழுத்தினால், அந்த மயிரிழை வெடிப்பு பெரிதாகலாம். போட்டோவே அட்டையிலிருந்து விட்டுப் போகலாம். மெல்லிய அட்டைகளுக்கு வேறு தொல்லை. உள்ளே இடம் கொஞ்சம் அதிகமாக இருந்தால், கூரியர் வண்டி குலுங்குகிறபோதெல்லாம் மூலைகள் பிளாஸ்டிக்கில் போய் இடிக்கும்.

என் டி205 ஒன்றுக்கு நடந்ததை உனக்கு எழுதவில்லை என்று நினைக்கிறேன். திரும்பி வந்தபோது இடது கீழ் மூலையில் தங்கம் போய் வெள்ளை தெரிந்தது. கேட்டேன். வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று பதில் வந்தது. அனுப்புவதற்கு முன்னால் எடுத்த ஸ்கேனில் அந்த மூலை முழுசாக இருந்தது, அதை அனுப்பிய பிறகுதான் பேச்சு மாறியது. ஈட்டுத் தொகை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். ஆனால் நூறு வருஷமாக முழுசாக இருந்த மூலையை எந்தப் பணம் திருப்பித் தரும், சொல்.

ஸ்லாபில் ஒரு எண் இருந்தால் நாளைக்குப் பிள்ளைகளை யாரும் ஏமாற்ற முடியாது என்று எழுதியிருக்கிறாய். உன் கவலை புரிகிறது. ஆனால் அந்த எண்ணையும் ரொம்ப நம்பாதே. பழைய பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் புகழ்பெற்ற டி206 அட்டைக்கு 1991-ல் பிஎஸ்ஏ என்ற கிரேடிங் நிறுவனம் பத்துக்கு 8 என்று தரம் கொடுத்தது. அதன் ஓரத்தை வெட்டிச் சீராக்கியது தான்தான் என்று ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார். வெட்டிய அட்டைக்கே அந்த எண் கிடைத்திருக்கிறது, பார். உன் ஓல்ட் ஜட்ஜுக்கு மேலே சொன்ன கண்டங்களையெல்லாம் தாண்ட வைத்து வாங்கப் போகிற எண் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு நல்ல படங்களும், எது எங்கே வாங்கியது என்று உன் கையெழுத்தில் ஒரு பட்டியலும் இருந்தால் போதும்.

டி206-ல் நல்லதாக நாலைந்தை அனுப்பு. புது ஸ்லீவில் போட்டு, லேசாக வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் உறையான கார்டு சேவரில் வை. டாப்லோடர் என்கிற விறைப்பான பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதிலிருந்து எடுக்கத் தட்டியும் உலுக்கியும் பார்ப்பார்கள். ஸ்லீவின் மேல் ஒரு சின்னத் தாள் வாலை ஒட்டிவிட்டால் எடுப்பவர் அதைப் பிடித்து இழுத்துக்கொள்வார், அட்டையில் விரல் படாது. உண்மையான மதிப்பையே எழுதி இன்சூரன்ஸ் எடு. கட்டணத்தை மிச்சம் பிடிக்கக் குறைத்து எழுதினால், ஏதாவது ஆனால் அந்தக் குறைந்த தொகையைத்தான் பேசுவார்கள். அப்புறம், வந்த எண் பிடிக்கவில்லை என்று ஸ்லாபை உடைத்து வேறு நிறுவனத்துக்கு அனுப்பும் ஆசை மட்டும் வரவே கூடாது. உடையும் பிளாஸ்டிக்கின் சில்லு ஒன்று போதும், அட்டையின் முகத்தைக் கீறிவிடும்.

டி205-ஐப் பற்றி நீயே முடிவு செய். நானாக இருந்தால் அனுப்ப மாட்டேன்.

ஓல்ட் ஜட்ஜை ஸ்கேனரில் வைக்காதே. மூடியை மூடினாலே வளைவு அமுங்கும். மேஜையில் வைத்து, மேலிருந்து ஒன்றும் சாய்வான வெளிச்சத்தில் ஒன்றுமாக போட்டோ எடு. கையுறை வேண்டாம், விரலுக்குத் தொடு உணர்வு போய்விடும். கையைக் கழுவி நன்றாக ஈரம் போகத் துடைத்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்தால் சரி. அந்தப் படங்களை டி206 ஸ்கேன்களோடு சேர்த்து எனக்கு அனுப்பு. எதை அனுப்பலாம் என்று இரண்டு பேருமாகப் பார்த்து முடிவு பண்ணலாம். அதுவரை கூரியர்காரரை வரச் சொல்லாதே.

அன்புடன்,
சேகர்