கள்ளத்தொண்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இரவு நீ போனில் அழுததைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போதே பதில் சொல்லத்தான் நினைத்தேன். என் குரல் இப்போது நாலு வார்த்தைக்கு மேல் நிற்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் கடிதமாக எழுதுகிறேன்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். டெல்லி நாடகப் பள்ளியின் குரல் வகுப்பில் உன்னைப் பாடச் சொன்னார்கள். துகில் கூத்தில் திரௌபதி சபையில் முறையிடும் கட்டத்தைப் பாடினாய். பிள்ளைகள் எல்லோரும் கை தட்டினார்கள். ஆசிரியை மட்டும், "நன்றாகப் பாடுகிறாய், ஆனால் இது யாருடைய குரல்?" என்று கேட்டார். அன்றிலிருந்து தரையில் மல்லாந்து படுத்து மூச்சு விடுவதும், வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று ஒலிப்பதும்தான் உனக்குப் பாடம். உடல் அசைவு வகுப்பிலும் அதே கதை: சும்மா நில், சும்மா நட. "கூத்துக் கொட்டகையில் பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கு நிற்கக்கூடத் தெரியாதா அப்பா?" என்று கேட்டாய்.

ஆசிரியை கேட்ட கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். அது என் குரல், பாப்பா.

பதினான்கு வயதில் வாத்தியார் எனக்குப் பெண் வேடம் கட்டினார். மெலிந்த உடம்பு, மீசை அரும்பாத முகம், அதுதான் காரணம். அப்போது எங்கள் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, மைக் கிடையாது. ஆர்மோனியத்தில் ஐந்து கட்டை சுருதி. மத்தளமும் முகவீணையும் காதுக்குப் பக்கத்திலேயே ஒலிக்கும். அதையெல்லாம் தாண்டிக் கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் திரௌபதியின் வார்த்தை போய்ச் சேர வேண்டும். ஆண் தொண்டையில் அந்த உயரத்துக்குப் போக ஒரே வழி கள்ளத்தொண்டை. மார்பை விட்டுவிட்டு, தொண்டையின் மேல் நுனியைப் பிடித்துக்கொண்டு பாடுவது. மார்கழிப் பனியில் ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று அதைச் சாதகம் செய்தேன். முப்பது வருடம் அதிலேயே பாடினேன். துகில் ஆடும் இரவுகளில் பெண்கள் எழுந்து வந்து எனக்குக் கற்பூரம் காட்டியதை நீயும் பார்த்திருக்கிறாய்.

நீ அதைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டாய். ஆறு வயதில் அடுப்படியில் நின்று அப்படியே பாடிக் காட்டினாய். உச்சஸ்தாயியில் நான் இழுக்கும் இழுப்பு, மூச்சு முட்டும்போது நான் விடும் விக்கல்கூட அதில் இருந்தது. அம்மா சிரித்தாள். நான் பெருமையில் பூரித்துப்போனேன். ஓர் ஆண், பெண்ணாக நடிப்பதற்காகச் செய்துகொண்ட குரலைத்தான், என் பெண் பெண்குரல் என்று எண்ணிக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

உன்னைக் கூத்துக்கு அனுப்பாதது என் தவறு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் 2002இல் பிள்ளைகளுக்கான கூத்துப் பள்ளியாகக் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கினார்கள். கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபால் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, வேடம் கட்டவும் பாடவும் கற்றுக்கொடுத்தார். உனக்குப் பத்து வயதானபோது அங்கே சேர்த்துவிடச் சொல்லி அழுதாய். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்தான். ஜமாவில் என்ன பேசுவார்கள் என்று பயந்து நான் மறுத்தேன். அங்கே போயிருந்தால் உன் வயதுப் பெண் பிள்ளைகள் தங்கள் தொண்டையிலேயே அர்ச்சுனனாகவும் துரியோதனனாகவும் பாடுவதைக் கேட்டு வளர்ந்திருப்பாய். நான் மறுத்ததால் உனக்குக் கிடைத்தது திரைக்குப் பின்னால் இருந்த இடமும் என் கள்ளத்தொண்டையும்தான். இதை உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

இனித் தொண்டையைப் பற்றி. நாற்பத்தாறு வயதில் என் குரல் போன கதையை ஊரில் திருஷ்டி என்கிறார்கள். திருஷ்டி இல்லை. டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டுக் காட்டினார். குரல்வளைக்குள் இரண்டு சின்ன மடிப்புகள். சாதாரணமாகப் பேசும்போது ஆணுக்கு நொடிக்கு நூறு, நூற்றைம்பது முறையும் பெண்ணுக்கு இருநூறு முறைக்குப் பக்கத்திலும் அவை மோதி அதிர்கின்றனவாம். கள்ளத்தொண்டையில் அந்த மடிப்புகளை இழுத்து மெலிதாக்கி ஓரத்தை மட்டும் அதிரவிடுகிறோம். அதனால் மட்டும் கெட்டுவிடாது என்று டாக்டர் சொன்னார். மூச்சின் பலம் இல்லாமல் கழுத்தை இறுக்கி, விடிய விடிய, இரவு மாற்றி இரவு கத்தியதுதான் கெடுத்திருக்கிறது. மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்பு விழுவதுபோல இரண்டு மடிப்பிலும் காய்ப்பு. பங்குனி தொடங்கி ஆடி வரை ஒரு நாள்கூட ஓய்வில்லாத ஆண்டு அது. குரல் கரகரத்தபோது நிறுத்தியிருக்க வேண்டும். மிளகை மென்றுகொண்டு மேலும் கத்தினேன்.

உன்னைத் தரையில் படுக்க வைத்திருக்கிறார்களே, அதை யாராவது எனக்குச் செய்திருந்தால் இன்று நான் பாடிக்கொண்டிருப்பேன். மல்லாந்து படுத்தால் கழுத்துக்கு வேலையில்லை. வயிறு தானாக ஏறி இறங்கும். குழந்தையாக இருந்தபோது தூளியில் நீ அப்படித்தான் மூச்சு விட்டாய். அப்படி மூச்சு விட்டபடிதான் நாலு வீடு கேட்க அழுதாய், மறுநாள் தொண்டை கட்டியதில்லை. அந்த மூச்சின் மேல் 'ம்' என்று ஒலித்துப் பார். உதட்டில் கூச்சம் தெரியும், பிறகு மூக்குத்தண்டில், பிறகு நெஞ்செலும்பில். கையை வைத்துப் பார்த்துக்கொள். நெஞ்சில் அதிர்வு வர உனக்கு நாளாகும், ஏனென்றால் என்னைப் பார்த்து நெஞ்சைப் பூட்டிக்கொள்ளத்தான் நீ பழகியிருக்கிறாய்.

இந்தி வசனத்தில் தடுமாறுகிறேன் என்றாய். நமக்கு ஒரு 'க' போதும், அங்கே நான்கு. ஊதிச் சொல்ல வேண்டிய எழுத்துக்கு உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொள், காற்று படுகிறதா பார். மூச்சு அடியிலிருந்து வந்தால் அதுவும் வந்துவிடும்.

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடல் அசைவு வகுப்பு ஆசிரியர், நீ நிற்கும்போது முழங்கால் மடிந்தே இருக்கிறது, முழங்கை இடுப்பை ஒட்டியே இருக்கிறது, பாதி அடிதான் எடுத்து வைக்கிறாய் என்றாராமே. அவர் பார்த்தது என் திரௌபதியை. நான் அந்த நடையை எங்கிருந்து எடுத்தேன் தெரியுமா? உன் ஆயாவிடமிருந்து. இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு தோண்டியுமாக ஏரிக்கரையிலிருந்து அவள் வருவாள். முழங்கை ஒட்டியிருந்தது குடத்துக்காக. அடி சிறியதாக இருந்தது தண்ணீர் தளும்பாமல் இருக்க. குடத்தை விட்டுவிட்டு நடையை மட்டும் எடுத்துக்கொண்டேன் நான். உன்னிடமும் குடம் இல்லை, மகளே. கையை வீசி நட.

இதனால் கூத்து போய்விடுமோ என்று பயப்படாதே. 1977இல் நா.முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் நம் பக்கத்துப் புரிசை கண்ணப்பத் தம்பிரான் நகரத்து நடிகர்களுக்குக் கூத்து கற்றுத்தந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பழகிய உடம்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர்கள் அடவுக்கு வந்திருக்க முடியும். கழற்றி வைத்ததை அவர்கள் தொலைத்துவிடவில்லை. அடவு உன் காலை விட்டு எங்கும் போகாது. எனக்கு இன்றைக்கும் மத்தளம் கேட்டால் கால் தரிப்பதில்லை.

ஒன்றுதான் எனக்கு இப்போதும் ஆறவில்லை. ஆயாவுக்கு இன்னொரு குரல் இருந்தது. உன் தாத்தா போனபோது அவள் ஒப்பாரி வைத்தாள். உயரவே இல்லை. அடிவயிற்றிலிருந்து, தரையோடு தரையாக ஒரு குரல். தெருவே அடங்கிப்போனது. சபையில் நின்ற திரௌபதியும் அப்படித்தான் கேட்டிருப்பாள் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. ஆனால் மைக் இல்லாத கொட்டகையில் அந்தக் குரல் மத்தளத்தைத் தாண்டாது. எனக்கு அந்தத் தொண்டையும் இல்லை. நடையை எடுத்துக்கொள்ள முடிந்த என்னால் அந்தக் குரலை எடுத்துக்கொள்ள முடியவில்லை. பின்னால் மைக் வந்தது. அதற்குள் எங்கள் எல்லோருக்கும் உயரமே பழக்கமாகிவிட்டது.

இருமல் வந்தால் கிசுகிசுப்பாகப் பேசாதே. அது தொண்டைக்கு ஓய்வு என்று பலரும் நினைக்கிறார்கள், உண்மையில் இறுக்கம்தான். பேசாமலே இரு, எழுதிக் காட்டு. இரவில் எண்ணெய்ப் பலகாரம் தின்றவுடன் படுக்காதே, புளிப்பு மேலேறித் தொண்டையைச் சுடும். டெல்லிக் குளிர் வறண்ட குளிர் என்கிறார்கள். இரவில் ஆவி பிடி. அம்மா ஆவி பிடிக்க நொச்சி இலையை உலர்த்தி வைத்திருக்கிறாள். பார்சலில் கம்பளியோடு வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது பாட வேண்டாம். தரையில் படுத்துக்கொண்டு போனை நெஞ்சின் மேல் வைத்து, அந்த 'ம்' ஒலியை மட்டும் எனக்குக் கேட்க வை. நான் இங்கே திண்ணையில் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா